ஓசியில ஏறுன லினக்ஸ்

சார், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க. கீழ வச்சா கூட்டத்துல நசுங்கிரும், உடையுற சாமான். ஆங், அப்பிடித்தான். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுங்க. கடைசி ஸ்டாப்புதான போறீக? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

தோள்ல கிடக்குறது லேப்டாப் பைதான? படியில ஏறும்போதே பாத்துட்டேன். அதான் தக்காளிக் கூடையை நகட்டி, என் சீட்டுல பாதியை உங்களுக்குக் குடுத்தேன். சும்மா குடுத்தேன்னு நினைக்காதீக, கம்ப்யூட்டர் ஆளுன்னா எனக்கு ஒரு காரியம் இருக்கு. டிக்கெட்டை அப்புறம் பாத்துக்கிடலாம். மொதல்ல இதைப் பாருங்க. இந்த பென்டிரைவ். இதுல அழிஞ்சுபோனதைத் திரும்ப எடுக்க முடியுமா?

இருங்க, இருங்க! உடனே சொல்லாதீக. இதுவரைக்கும் கேட்ட ஆளுக எல்லாம் உடனே சொல்லித்தான் காரியம் கெட்டுப் போச்சு. கதையைக் கேட்டுட்டு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

ரைட்! ரைட் போலாம் அண்ணாச்சி! ஏய்யா, படியில நிக்காத, உள்ள ஏறு. உள்ளதான் இம்புட்டு இடம் கிடக்கே.

ஆங், சார். வண்டி எப்பிடி இருக்கு? அமைதியா இருக்குல்ல? அதான் சார் பிரச்சினையே. கோவில்பட்டியிலேருந்து இந்தப் பக்கம் எத்தனை மினி பஸ் ஓடுது, ஆனா பாட்டுன்னா இந்த வண்டிதான். பாட்டு வண்டின்னாலே சின்னப் புள்ளை கூட கைகாட்டும். எல்லாம் நான் சேத்த பாட்டு. கேசட் காலத்துலேருந்து ஒவ்வொண்ணா அலைஞ்சு திரிஞ்சு சேத்தது. அம்புட்டும் சோகம். காதல் தோல்வி, அண்ணன் தங்கச்சிப் பிரிவு, தாய் சாகுற பாட்டு, மாடு சாகுற பாட்டு. நாய் சாகுற பாட்டு கூட ஒண்ணு உண்டு, அது இப்ப எங்க தேடுனாலும் கிடைக்காது. ஏன் சோகம்னு கேப்பீக. காலையில தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளையாளுக, ஆஸ்பத்திரிக்குப் போறவுக, அரியர் எழுதப் போற காலேஜ் புள்ளைக, எல்லார் மனசுலயும் ஒரு பாரம் இருக்கும்ல? அதை யாரு இறக்கி வைக்க?

அது மட்டுமில்ல. சொல்லக் கூச்சமா இருக்கு, நடுநடுவுல நான் பாடுனதும் உண்டு. சிரிக்காதீக சார். வாலிபத்துல நான் பாட்டுக் கச்சேரிக் குழுவுல மைக் பிடிச்சவன். ஒரே ஒரு கச்சேரி. அதுக்கப்புறம் கூப்பிடல. பொறாமை, வேற என்ன? இப்ப போன்லயே பின்னணி இசை வருதுல்ல, அதை ஓட விட்டு, வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் பாடிப் பதிவு பண்ணுவேன். ஒரு சினிமாப் பாட்டு, அப்புறம் என் பாட்டு ஒண்ணு, திரும்ப ஒரு சினிமாப் பாட்டு, அப்புறம் என் பாட்டு ரெண்டு. அந்த வரிசையில கோத்து வச்சிருந்தேன். என் பாட்டு வந்துட்டா வண்டியில மூச்சுச் சத்தம் கேக்காது. அந்தா, மூணாவது சீட்டுல பச்சைச் சேலை, சீனியம்மாக்கா, தீப்பெட்டி ஆபீசுல வேலை. என் பாட்டு வந்ததும் முந்தானையைத் தலையோட காதைச் சுத்திக் கட்டிக்கிடும். சித்திரை வெயில்லயும் கட்டும். பாவம், அதுக்குக் காத்து ஒத்துக்காது போல.

போன்ல இருக்குமேன்னு கேக்கீகளா? போன் நிறைஞ்சு போச்சுன்னு, எல்லாத்தையும் பென்டிரைவுக்கு மாத்திட்டு அழிச்சிட்டேன் சார். உசுரே இதுலதான் இருந்துச்சு.

இப்ப லினக்ஸ் கதைக்கு வாரேன்.

எம் மக செண்பகவல்லி. ஒரே புள்ள. கம்ப்யூட்டர் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டே கிடந்தா, ஒரு பதிலும் வரல. போன பொங்கலுக்கு முன்னாடி கோயமுத்தூர்க் கம்பெனி ஒண்ணு, பரீட்சை வைக்கோம், வீட்டுல உக்காந்தே எழுது, கேமரா ஓடணும், நடுவுல நின்னா மறு வாய்ப்பு கிடையாதுன்னு சொல்லிட்டான். நம்ம வீட்டு லேப்டாப்பு பள்ளிக்கூடத்துல அரசாங்கம் குடுத்தது. அதை ஆன் பண்ணிட்டு, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு நடை போயிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். காணும் பொங்கல் அன்னிக்கு அந்த வட்டமும் நின்னு போச்சு. திரை முழுக்க நீலம். மறுநாள் பரீட்சை. புள்ள சோத்துத் தட்டை அப்பிடியே தள்ளி வச்சிட்டா.

டிக்கெட்! விலக்கு ஸ்டாப்புல ஏறுனது யாரு? ஒண்ணா ரெண்டா? சில்லறையாக் குடுங்க தாயி.

ம். அப்ப அவ கூடப் படிச்ச புள்ள ஒண்ணு போன்ல சொல்லியிருக்கு. விண்டோசை விட்டுத் தள்ளு, லினக்ஸ் போடு, கிழட்டு லேப்டாப்பும் ஓடும்னு. நான் கேட்டேன், அந்த லினக்ஸ் என்ன விலைன்னு. காசே கிடையாதுப்பாங்கா. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஓசி! இந்த வேலையில எத்தனை ஓசி பாத்தவன் நான். ஓசியில ஏறுறவன் என்னிக்கு ஒழுங்கா நின்னிருக்கான்? ஆனா புள்ள முகத்தைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

அதைப் போடுறது எப்பிடின்னா, உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்லுதேன். நல்லா ஓடுற வேற கம்ப்யூட்டர்ல லினக்ஸை இறக்கணும். பெரிய ஒத்தை ஃபைலா வரும். அதை பென்டிரைவ்ல சும்மா காப்பி பண்ணுனா ஆகாது. அதுக்குன்னு ஒரு புரோகிராம் உண்டு, அது வழியாத்தான் எழுதணும். அப்பத்தான் அந்த பென்டிரைவ் லேப்டாப்பைக் கிளப்பி விடுமாம். பூட்டபிள் பென்டிரைவ்னு அதுக்குப் பேராம். நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கு. அன்னிக்குக் கடைகண்ணி எல்லாம் அடைப்பு. சென்டர்காரரு மட்டும் என் முகத்துக்காக ஷட்டரைப் பாதி தூக்கி விட்டாரு. அங்க போய் எல்லாத்தையும் இறக்கியாச்சு. கடைசியில பாத்தா, அவ கொண்டுவந்த பென்டிரைவ் செத்துக் கிடக்கு. எத்தனை தடவை சொருகியும் கம்ப்யூட்டர் கண்டுக்கவே இல்ல. பிரவுசிங் சென்டர்லயும் இல்ல. புதுசு வாங்கக் கடை இல்ல. புள்ள கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கு.

நான் பாத்துக்கிட்டு நிப்பனா? ஓடுனேன். ஸ்டாண்டுல நின்ன நம்ம வண்டியில ஏறி, பாட்டு செட்டுல சொருகியிருந்த பென்டிரைவைப் புடுங்குனேன். முன்னாடி ஓட்டுறாருல்ல, ஆவுடையப்பன் அண்ணாச்சி, அவரு சீட்டுல சாஞ்சு கிடந்தாரு. சட்டுன்னு எந்திரிச்சுட்டாரு. "என்ன அய்யலு, அதை எங்க கொண்டு போற?"ன்னாரு. விசயத்தைச் சொன்னேன். "பாட்டெல்லாம் அழிஞ்சிருமோ?"ன்னாரு. மனுசனுக்குக் குரலே நடுங்குது. பயப்படாதீக அண்ணாச்சி, அழியாது, நிறைய இடம் கிடக்குன்னு சொன்னேன். அவரு முகம் அப்பிடியே விழுந்து போச்சு. அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டு, "அழிஞ்சாலும் பரவாயில்லைய்யா. புள்ள வாழ்க்கையை விடப் பாட்டா பெருசு? ஓடு, ஓடு, வண்டி எடுக்க நேரமானாலும் பரவாயில்ல"ன்னு என்னையப் பிடிச்சுத் தள்ளாத குறை. எப்பேர்ப்பட்ட மனுசன் பாத்தீகளா! சொந்தத் தாய்மாமன் கூட இப்பிடிச் சொல்ல மாட்டான்.

பென்டிரைவைச் சொருகுனோம். செண்பகம் எதையோ அழுத்துனா. ஒரு பெட்டி வந்துச்சு, மஞ்சக் கலர்ல எச்சரிக்கைக் குறி போட்டு. அவ வாசிச்சுச் சொன்னா. "அப்பா, இதுல இருக்குறது எல்லாம் அழிஞ்சிரும்னு போட்டிருக்குப்பா. உன் பாட்டு வேற எங்கயாச்சும் இருக்கா?"ன்னா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இதுல இன்னும் இடம் இருக்கா இல்லையா? பாதிக்கு மேல காலியாக் கிடக்குங்கா. லினக்ஸுக்கு எம்புட்டு வேணும்? அதுல கொஞ்சம்தானாம். அப்புறம் என்ன? பாட்டெல்லாம் ஒரு ஓரமாத் தள்ளி நின்னா லினக்ஸ் ஏறிட்டுப் போறான்! "அழிஞ்சிரும்னு போட்டிருக்கேப்பா"ன்னு திரும்பவும் சொல்லுதா. ஏ புள்ள, அப்பிடித்தான் போடுவான். நம்ம பஸ்லயும்தான் இத்தனை பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு பெயிண்ட்ல எழுதிப் போட்டிருக்கு. அந்தா, உங்க தலைக்கு மேல பாருங்க சார், எழுதியிருக்கா? அதுக்குக் கீழயே எத்தனை பேரு நிக்காக? எவனாச்சும் செத்தானா? எழுதிப் போடுறது அவன் கடமை, ஏத்துறது நம்ம கடமை. இதைச் சொல்லிட்டு நானே அந்தச் சுண்டெலியைப் பிடிச்சு சம்மதம்கிறதுல ஒரே அழுத்து.

இத்தனை வருசத்துல ஒரு ஆளு ஏறணும்னு இன்னொரு ஆளை இறக்கி விட்டவன் இல்ல சார் நான். உள்ள தள்ளி நில்லுன்னு சொல்லுவேன், அம்புட்டுதான். எனக்கு எப்பிடித் தெரியும்? இந்த லினக்ஸ் ஏறணும்னா வண்டியையே காலி பண்ணணுமாம்! முழு வண்டியும் அவன் ஒருத்தனுக்கு, கல்யாண வண்டி மாதிரி. அதுவும் ஓசியில! காசு குடுத்து ஏறுன பாட்டு அம்புட்டையும் ரோட்டுல இறக்கி விட்டுட்டு, அவன் பாட்டுக்குக் காலை நீட்டிப் படுத்துட்டான். நியாயமா சார் இது?

நீங்க ஏன் சார் இருமுறீக? தண்ணி வேணுமா?

சரி. வீட்டுக்கு வந்து பென்டிரைவை லேப்டாப்புல சொருகி, ஆன் பண்ணி, மேல ஒரு பட்டனை டொக்கு டொக்குன்னு தட்டுனா. உள்ள இருக்குற பழைய ஆளு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, பென்டிரைவ்ல இருக்குறவனை எழுப்பணுமாம். மொதத் தடவை பிந்திப் போச்சு, பழைய நீலம் வந்துருச்சு. ரெண்டாந் தடவை நானும் சேந்து தட்டுனேன். வந்துச்சு சார்! ஒரு பட்டியல் வந்துச்சு, அதுல பென்டிரைவைக் காட்டுனா, கருப்புத் திரையில எழுத்தெல்லாம் கடகடன்னு ஓடி, பளிச்சுன்னு திறந்துருச்சு. வட்டமும் இல்ல, சதுரமும் இல்ல. அப்பிடியே லேப்டாப்புக்குள்ள நிரந்தரமா ஏத்திட்டா. கேமரா ஓடுது, இன்டர்நெட் ஓடுது. புள்ள சிரிச்சா பாருங்க, பொங்கல் எங்க வீட்டுக்கு அப்பத்தான் வந்துச்சு. மறுநாள் பரீட்சை, ஒரு இடத்துல நிக்கல. நல்லா எழுதிட்டேம்ப்பான்னா. பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு விசயத்துல லினக்ஸ் உழைச்சான்.

பரீட்சை முடிஞ்ச மறுநாள் காலையில பென்டிரைவைக் கொண்டாந்து செட்டுல சொருகுதேன். சத்தம் வரல. திருப்பிச் சொருகுதேன். வரல. வீட்டுக்குப் போன் போட்டேன். விசயத்தைக் கேட்டதும் அவ அழுதுட்டா. "அப்பா, உன் பாட்டெல்லாம் போயிருச்சேப்பா. என்னாலதான்"னு தேம்புதா. சின்னப் புள்ளையில அவளை நான் பாடித்தான் சார் தூங்க வைப்பேன். நான் வாயைத் திறந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிடுவா, அம்புட்டுச் சீக்கிரம் தூங்கிருவா. அந்தப் பாசம். விடு தாயி, பாட்டு போனாப் போகுது, வேலை கிடைக்கட்டும்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர, மனசு கேக்குமா?

அன்னிக்கு வண்டியில நடந்ததைச் சொன்னா உங்களுக்கே கஷ்டமா இருக்கும். பாட்டு அழிஞ்சு போச்சுன்னு சொன்னதும் ஆவுடையப்பன் அண்ணாச்சி வண்டியை ஓரம் கட்டிட்டு, கீழ இறங்கி, செண்பகவல்லி அம்மன் கோயில் இருக்குற திசையைப் பாத்து விழுந்து கும்பிட்டாரு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு மனுசனுக்கு. சீனியம்மாக்கா அன்னிக்குச் சாயந்தரம் வரும்போது வண்டி முழுக்க ஆளுக்கொரு கடலை மிட்டாய் குடுத்துச்சு. என்னக்கா விசேசம்னேன். சும்மாதான் தம்பின்னுச்சு. துக்கத்தை அப்பிடித்தான் ஆத்திக்கிடும் போல. முன்னால பாட்டுச் சத்தத்துல முழிச்சுக்கிட்டு வந்த சனம், இப்ப மனசு ஒடிஞ்சு போய், ஏறுனதும் தலையைச் சாச்சுத் தூங்கிருது. காலேஜ் புள்ளைக பேச்சுத் துணைக்குப் பாட்டில்லாம புத்தகத்தை எடுத்து வச்சுப் படிக்குதுக. அந்த நிலைமைக்கு ஆளாக்கிட்டேனே சார்!

கூட்டமா? கூட்டம் கூடிருச்சு. பின்னால வாற வண்டியில போய்க்கிட்டிருந்தவுக கூட இப்ப இதுலதான் ஏறுதாக. துக்கம் விசாரிக்க வாற மாதிரி. "பாட்டு இன்னும் வரலையே?"ன்னு ஏறும்போதே கேக்காக. இல்லைய்யான்னு சொன்னாத்தான் ஏறுதாக. அம்புட்டு அக்கறை.

புதுசா ஒரு பென்டிரைவ் வாங்கி, கிடைச்ச பாட்டைப் போட்டுப் பாத்தேன். செட்டு வாயைத் திறக்கல. அண்ணாச்சி உள்ள கையை விட்டுப் பாத்துட்டு, அந்த லினக்ஸ் செட்டுக்குள்ளயும் போய் உக்காந்துட்டான் அய்யலு, இனி எதைச் சொருகுனாலும் பாடாதுன்னுட்டாரு. அந்தப் பிளேயர்லேருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போற வயரு ஒண்ணைக் கழட்டி, கெட்டுப் போயிரக் கூடாதுன்னு டிபன் பையிலயே பத்திரமா வச்சிருக்காரு. இன்னிக்கு வரைக்கும். யாரு சார் இம்புட்டுப் பொறுப்பா இருக்கா?

ஏத்தம் வருது, பெட்டியைப் பிடிச்சுக்கிடுங்க சார்.

ஆங். புள்ளைக்கு அந்த வேலை கிடைச்சிருச்சு. அதைச் சொல்லலையே! கோயமுத்தூர்ல சேந்துட்டா. சேந்த மொத மாசமே போன்ல சொல்லிட்டா, அப்பா, அழிஞ்சதை எடுக்குறதுக்கும் வழி உண்டாம், ஆனா மேல லினக்ஸ் எழுதிட்டதால எம்புட்டு வரும்னு சொல்ல முடியாது, விவரமான ஆளுகிட்டக் கேளுன்னு. அன்னிலேருந்து லேப்டாப் பையோட யாரு ஏறுனாலும் கேட்டுருதேன். ஒரு விசயம் மட்டும் எனக்குப் புரிய மாட்டேங்குது. எல்லாரும் பென்டிரைவை வாங்கிப் பாப்பாக. பாக்கலாம்ணேன்னு வாயெடுப்பாக. அப்புறம் என்னமோ முன்னாடி அண்ணாச்சி தலைக்கு மேல இருக்குற கண்ணாடியை ஒரு பார்வை பாப்பாக. அம்புட்டுதான், "முடியாதுண்ணே"ன்னுருவாக. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும்.

இப்ப நீங்க சொல்லுங்க சார். மனசுல பட்டதைச் சொல்லுங்க. என் குரல் இதுலேருந்து வருமா, வராதா?

ஏன் சார் முன்னாடி பாக்குதீக? என்னையப் பாத்துச் சொல்லுங்க. சீனியம்மாக்கா, நீ ஏன் எந்திரிச்சு நிக்க? உக்காரு. கையெடுத்துக் கும்பிடுற அளவுக்கு என்ன? எனக்காக சார்கிட்டக் கெஞ்சுது பாருங்க. எல்லாரும் எதுக்கு இப்பிடித் திரும்பிப் பாக்கீக? சாரைப் பயமுறுத்தாதீக, அவரு யோசிக்கட்டும்.

முடியாதா.

ம். சரி சார். பரவாயில்ல. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது, ஆனா நீங்க என்ன பண்ணுவீக? அந்தா பாருங்க, அண்ணாச்சி கூட நெஞ்சுல கையை வச்சு மூச்சை விடுதாரு. அவருக்கும் வேதனைதான்.

அந்தப் பெட்டியைக் குடுங்க சார் இப்பிடி. பத்திரமா வச்சிருந்தீக, நல்லா இருங்க. இது என்னன்னு கேக்கவே இல்லையே நீங்க? இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு, கோயமுத்தூர்லேருந்து, எம் மக பேர் போட்டு. அண்ணாச்சிக்கு இன்னும் தெரியாது. திடீர்னு சந்தோசப்படட்டும்னு மறைச்சு வச்சிருக்கேன். ஒட்டியிருக்குறதை இந்தப் பக்கம் பிய்ங்க. ஆங்.

காய்கறி வண்டிக்காரங்க கழுத்துல மாட்டியிருப்பாகளே, ஸ்பீக்கரு, தலையில மாட்டுற மைக்கு, அதே. ஆனா இது பெருசு. "என்னால உன் பாட்டு போச்சுல்லப்பா, இனிமே பென்டிரைவே வேண்டாம், நேராவே பாடு"ன்னு சொல்லுதா. மொத சம்பளத்துல அப்பனுக்கு வாங்கியிருக்கா சார். ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் முழுக்க நிக்குமாம். செட்டு வேண்டாம், அழியறதுக்கு ஒண்ணும் இல்ல. முக்கியமா, வயரே கிடையாது.

அண்ணாச்சி! ஏன் அண்ணாச்சி இந்த விரட்டு விரட்டுதீக, மெதுவாப் போங்க! ஸ்டாப்பே இல்லாத இடத்துல எதுக்குய்யா எல்லாரும் எந்திரிக்கீக? உக்காருங்க, உக்காருங்க. சீனியம்மாக்கா, முந்தானையைக் கட்டிக்கிட்டியா? ஹலோ, ஹலோ. கேக்குதா? நல்லாக் கேக்குதுல்ல?

நீங்க எங்க சார் பையை எடுத்து மாட்டுதீக? கடைசி ஸ்டாப்புன்னுதான சொன்னீக. ஜன்னலோரமாத் தள்ளி உக்காருங்க. மொதல்ல அந்த நாய் செத்துப்போற பாட்டு.